நம் வீட்டுப் பெண்கள் குழு: தாடை முடிக்கு லேசர்

காவ்யா: நித்யா அக்கா, தாடையில் முடி வந்துகொண்டே இருக்கிறது. த்ரெட்டிங் அலுத்துவிட்டது. லேசர் செய்தால் ஒரே மாதத்தில் அடியோடு போய்விடும் என்று பார்லரில் சொல்கிறார்கள். உண்மையா?

பெரியம்மா: எதற்கடி லேசர்? முகம் வெந்துவிடப் போகிறது. கஸ்தூரி மஞ்சள் பூசு.

நித்யா (டாக்டர்): ஒரு மாதத்தில் போகாது காவ்யா. முடிக்குக் கறுப்பு நிறம் தருகிற மெலனின் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூடு வேரைக் கெடுக்கும். ஆனால் வளரும் பருவத்தில் இருக்கிற முடியில்தான் அது பலிக்கும். எல்லா முடியும் ஒரே சமயத்தில் அந்தப் பருவத்தில் இருக்காது. அதனால் முகத்துக்கு 4 முதல் 6 வார இடைவெளியில் 6 தடவையாவது போக வேண்டியிருக்கும். அப்போதும் நன்றாகக் குறையும், முழுசாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது.

நித்யா (டாக்டர்): பெரியம்மா பயப்படுவதும் நியாயம்தான். தோலிலும் அதே மெலனின் இருக்கிறது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் என்கிற வகை லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது, மேல்தோல் அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும். எந்த மெஷின், யார் செய்வார்கள் என்று கேட்காமல் போய்ப் படுத்துவிடாதே.

சித்தி: எனக்கு நாலு நரைமுடி இருக்கே, அதுவும் போகுமா?

நித்யா (டாக்டர்): நரையில் மெலனின் இல்லை சித்தி, லேசர் பிடிக்காது. எலக்ட்ராலிசிஸ் செய்யலாம், அதாவது மெல்லிய ஊசி வழியாக மின்சாரம் செலுத்தி வேரை அழிப்பது.

காவ்யா: வலிக்குமா அக்கா?

நித்யா (டாக்டர்): ரப்பர் பேண்ட் சுண்டிய மாதிரி சுள்ளென்று இருக்கும். சிவப்பும் தடிப்பும் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். முடி அன்றே உதிராது, ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெயிலில் அலையாதே. த்ரெட்டிங்கை இப்போதே நிறுத்து. வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்கு வேலை இல்லை. ஷேவ் செய்யலாம்.

பெரியம்மா: ஐயோ, ஷேவ் செய்தால் தடிமனாக வளருமே!

நித்யா (டாக்டர்): வளராது பெரியம்மா. வெட்டிய முனை சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். காவ்யா, உனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?

காவ்யா: இல்லைக்கா, தள்ளித் தள்ளித்தான் வருகிறது.

நித்யா (டாக்டர்): அப்படியானால் முதலில் மகளிர் மருத்துவரைப் பார். பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருந்தால் ஹார்மோன் பூனைமுடியைக்கூடத் தடிக்க வைக்கும். அதைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டாயா?

காவ்யா: இன்னும் இல்லை.

நித்யா (டாக்டர்): நல்லது, கட்டாதே.

சித்தி: சனிக்கிழமை மகளிர் மருத்துவரைப் பார்க்க நானும் கூட வருகிறேன் காவ்யா. காலையில் சாப்பிடாமல் கிளம்பு, சர்க்கரையும் பார்க்கச் சொல்வார்கள்.