ஒரே மாசத்துல ரெண்டாவது சி.டி. ஸ்கேன், எடுக்கலாமா?

அரூரான்:
அம்மாவுக்கு 61 வயசு. கிட்னி கல்லுக்காக தருமபுரியில சி.டி. கே.யு.பி. (கிட்னி, சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பை ஸ்கேன்) எடுத்தோம். டோஸ் ரிப்போர்ட்டில் டி.எல்.பி. (ஸ்கேன்ல கொடுத்த மொத்தக் கதிர்வீச்சு அளவு) 640னு இருக்கு. சேலத்துல யூராலஜி (சிறுநீரகப் பாதை) டாக்டர் மறுபடி சி.டி. எடுக்கச் சொல்றார். ரெண்டு தடவை எடுத்தா கேன்சர் வரும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. 640 அதிகமா?

ஓசூர் ரேடியோகிராபர்:
வயித்துப் பகுதிக்கு டி.எல்.பி.யை 0.015-ஆல பெருக்குங்க. உடம்பு வாங்கின கதிர்வீச்சு 9.6 மில்லிசீவர்ட்னு வருது. இயற்கையா வர்ற கதிர்வீச்சே உலக சராசரியில வருஷத்துக்கு 2.4, அதாவது நாலு வருஷத்து அளவு. 10 மில்லிசீவர்ட்டுக்குக் புற்றுநோயால இறக்குற கூடுதல் வாய்ப்பு சுமார் 2000-ல் ஒண்ணுன்னு கணக்கு. இந்த வயசுல அதுக்கும் கீழே. பயப்பட ஒண்ணுமில்லை.

ஆனா கல்லை மட்டும் தேட 640 தாராளம்தான். லோ டோஸ்னு கேட்டா 200 பக்கத்திலேயே முடிக்கலாம். பெரிய உடம்புன்னா கூடும். கையைத் தலைக்கு மேல தூக்காம பக்கத்துல வெச்சாலும், மேசை உயரம் சரியா சென்டர் ஆகலைன்னாலும் டோஸ் ஏறும். ஈய ஏப்ரனை மேல போடச் சொல்லாதீங்க. அது ஸ்கேன் பகுதிக்குள்ள வந்தா மெஷின் தானா கதிரைக் கூட்டிடலாம்!

கிருஷ்ணகிரி டாக்டர்:
ரெண்டாவது எதுக்குன்னு முதல்ல கேளுங்க. கல் இறங்கிடுச்சான்னு பார்க்கத்தான்னா அல்ட்ராசவுண்டும் கே.யு.பி. எக்ஸ்ரேவும் பெரும்பாலும் போதும். முதல் சி.டி.யோட ஸ்கவுட் படத்திலேயே (ஸ்கேனுக்கு முன்னாடி எடுக்கிற முன்னோட்டப் படம்) கல் தெரிஞ்சா எக்ஸ்ரேவிலும் தெரியும். யூரிக் ஆசிட் கல்லுன்னா எக்ஸ்ரேல தெரியாது.

மருந்து ஏத்தி சிறுநீர்ப் பாதையை எடுக்கும் சி.டி. யூரோகிராம்னா விஷயம் வேற. மருந்துக்கு முன்னாடி, பின்னாடி, தாமதமான்னு மூணு கட்டம். டோஸும் அத்தனை மடங்கு. கிரியேட்டினின் (கிட்னி வேலை செய்றதைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) பார்க்காம ஏத்தக்கூடாது. மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுங்க.

அரூரான்:
எங்க கையில பிலிம் மட்டும்தான் இருக்கு சார். போன்ல போட்டோ எடுத்து அனுப்பினோம், தெளிவா இல்லைன்னார்.

ஓசூர் ரேடியோகிராபர்:
பல ரிப்பீட் ஸ்கேன் இதனாலதான் வருது. பிலிம்ல இருக்கிறது பொறுக்கின சில படங்கள்தான். எடுத்த சென்டர்ல "டைகாம் டேட்டா"வை (ஸ்கேனோட முழு டிஜிட்டல் படங்கள்) டிஸ்க்லயோ பென் டிரைவ்லயோ கேட்டு வாங்குங்க. ஸ்கேன் நம்பரும் தேதியும் எடுத்துட்டுப் போங்க. சில இடத்துல சீக்கிரம் அழிச்சிடுவாங்க, நாளைக்கே போயிடுங்க. டாக்டர் அதைப் பார்த்துட்டும் வேணும்னு சொன்னா தயங்காம எடுங்க.