ஆள் பலம் மட்டும்தான் ஜெயித்ததா? அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி ஒரு விவாதம்

குதிரைப்படை:
வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் "ஜெனரல் லீயை ரொம்பத்தான் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்" என்று எழுதிவிட்டுப் போனார். அங்கே பேச்சு திசைமாறிவிட்டதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

லீ தெற்குப் படையின் தளபதி. கணக்கைப் பாருங்கள். 1861இல் வடக்கில் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர். பிரிந்துபோன 11 தென் மாநிலங்களில் 90 லட்சம். அதிலும் 35 லட்சம் பேர் அடிமைகள், அவர்களைக் கழித்துவிடுங்கள். ரயில் பாதை வடக்கே 22,000 மைல், தெற்கே 9,000. இதை வைத்துக்கொண்டு நான்கு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில்லில், தன்னைப்போல் இரண்டு மடங்கு படை எதிரே நிற்கும்போது, இருக்கிற படையையும் இரண்டாகப் பிரித்து, தன் கீழிருந்த தளபதி ஜாக்சனைக் காட்டு வழியாகச் சுற்றிப் போகச் சொல்லிப் பக்கவாட்டில் அடித்தார் லீ. அந்தத் துணிச்சல் வடக்கில் யாருக்கு இருந்தது? வடக்குத் தளபதி கிராண்ட் ஆளைக் கொட்டி ஜெயித்தவர், அவ்வளவுதான்.

ஆற்றுமணல்:
நண்பரே, இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர்கள். தெற்கு ஜெயிக்க வேண்டியதே இல்லை. தோற்காமல் இருந்தால் போதும். ஏழரை லட்சம் சதுர மைல் நிலத்தைப் பிடித்து அடக்க வேண்டிய தலைவலி வடக்குக்குத்தான். அப்படி இருக்க, ஆள் குறைவாக உள்ளவர் எப்படிச் சண்டை போட வேண்டும்? பதுங்கி, இழுத்தடித்து. லீ என்ன செய்தார்? 1862 ஜூலை 1ஆம் தேதி மால்வர்ன் குன்றில், மேட்டில் வரிசையாக நிற்கும் பீரங்கிகளை நோக்கித் தன் ஆட்களை ஏறவிட்டார். அந்த ஏழு நாள் சண்டைகளில் எதிரியைத் துரத்தியது அவர்தான், ஆனால் அதிகம் இழந்ததும் அவர்தான்: அவர் பக்கம் ஏறத்தாழ 20,000, எதிர்ப்பக்கம் 16,000. கெட்டிஸ்பர்க் சண்டையின் மூன்றாம் நாள் திறந்த வெளியில் சுமார் 12,500 பேரை நடக்கவிட்டதை நீங்களே அறிவீர்கள். பாதிப் பேருக்கு மேல் செத்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். ஆளைக் கொட்டியவர் யார்?

கிராண்டைப் பார்க்க வேண்டுமானால் வர்ஜீனியாவை விட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு வாருங்கள். ஆறு வளைகிற இடத்தில், மேட்டின் மீது விக்ஸ்பர்க். கீழே எந்தப் படகு போனாலும் பீரங்கி வாயில்தான் போக வேண்டும். வடக்கிலிருந்து மாதக்கணக்கில் முட்டிப் பார்த்தார், சதுப்பு நிலம் விடவில்லை. அப்புறம் 1863 ஏப்ரல் 16 இரவு, கொதிகலனைச் சுற்றிப் பஞ்சுப் பொதியும் வைக்கோலும் அடுக்கிக்கொண்டு, விளக்கணைத்து, கப்பல்கள் நகரத்தின் மூக்குக்குக் கீழேயே மிதந்து போயின. பார்த்துவிட்ட தெற்கத்தியர்கள் வெளிச்சத்துக்காகக் கரையில் தீ மூட்டிச் சுட்டார்கள். பெரும்பாலான கப்பல்கள் தப்பிவிட்டன. எதிர்க்கரையில் தெற்கே நடந்து வந்திருந்த படையை ஏப்ரல் 30ஆம் தேதி அதே கப்பல்கள் ஆற்றைத் தாண்டி இறக்கின. பதினெட்டு நாளில் ஐந்து சண்டைகள், ஐந்திலும் வெற்றி, பிறகு முற்றுகை. ஊர்க்காரர்கள் மலைச் சரிவில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள். கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகை காகிதம் தீர்ந்துபோய்ச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளின் பின்பக்கத்தில் அச்சானது. ஜூலை 4, சரண். இந்தப் போரில் எதிரிப் படையை முழுசாக மூன்று முறை சிறைபிடித்தவர் கிராண்ட். லீ ஒரு முறைகூட இல்லை.

குதிரைப்படை:
கோல்ட் ஹார்பரில் கிராண்ட் நடத்திய தாக்குதலை வசதியாக விட்டுவிட்டீர்கள். 1864 ஜூன் 3, காலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். அந்தத் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாகக் கிராண்டே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். விக்ஸ்பர்க்கை ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை அடிமை ஒழிப்புப் போர் என்று இப்போது சொல்கிறார்கள். லிங்கனே 1862 ஆகஸ்டில் கிரீலி என்ற பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார்: ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று. அப்படியானால் அது மாநில உரிமைக்கான போர்தானே?

வாசகி72:
நான் பொதுவாக இந்தக் குழுவில் படிப்பதோடு சரி. ஆனால் "35 லட்சம் பேர் அடிமைகள், அவர்களைக் கழித்துவிடுங்கள்" என்று எழுதினீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். ஏன் கழிக்க வேண்டும்? தெற்கத்திய வெள்ளை ஆண்களில் அத்தனை பேர் துப்பாக்கி தூக்கப் போனபோது வயலில் சோளம் விளைவித்தது யார்? அரணுக்கு மண் சுமந்தது யார்? அவர்கள் உங்கள் கணக்கில் கூட்டல் பக்கம் வர வேண்டியவர்கள். அங்கிருந்து ஒருவர் ஓடி வடக்கே சேர்ந்தால் இந்தப் பக்கம் ஒன்று குறைந்து அந்தப் பக்கம் ஒன்று கூடும்.

அது போர் தொடங்கி ஆறே வாரத்தில் ஆரம்பித்துவிட்டது. 1861 மே 23. வர்ஜீனியாவில் பிரிவினைக்கு மக்கள் ஓட்டுப் போட்ட அதே நாள் இரவு, தெற்குப் படைக்கு பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறி, வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்துவிட்டார்கள். எஜமானரின் சார்பில் ஓர் அதிகாரி வெள்ளைக் கொடியோடு வந்து, ஓடிப்போன அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே என்றார். கோட்டைத் தளபதி பட்லர் தொழிலால் வக்கீல். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, அமெரிக்கச் சட்டம் வேற்று நாட்டுக்குச் செல்லாது என்றார். அவர்களைப் போரில் பிடித்த எதிரிச் சரக்கு என்று வைத்துக்கொண்டார். மனிதரைச் சரக்கு என்பது அசிங்கம்தான். ஆனால் செய்தி பரவிய சில நாட்களிலேயே அந்தக் கோட்டைக்குக் குடும்பம் குடும்பமாக வந்துசேர்ந்தார்கள். பட்லரை முடிவெடுக்க வைத்தது அந்த மூன்று பேர்.

லிங்கன் கடிதத்துக்கு வருகிறேன். அதை எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22ஆம் தேதியே, அடிமைகள் விடுதலைப் பிரகடன வரைவை மந்திரிசபையில் படித்துக் காட்டிவிட்டார். ஒரு வெற்றி வரட்டும் என்று மேசைக்குள் வைத்திருந்தார். மாநில உரிமை என்பவர்கள் மிசிசிப்பி மாநிலம் பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் படிக்கலாம். எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

கரிசல்காட்டான்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எங்கள் ஊர் சம்பந்தப்பட்டது என்பதால். தெற்கு முதல் வருடம் தன் பஞ்சை விற்காமல் வைத்துக்கொண்டது. பஞ்சு இல்லாமல் இங்கிலாந்து தவித்துப்போய்த் தன் பக்கம் வரும் என்று கணக்கு. ஆனால் இங்கிலாந்து ஆலைகளில் ஏற்கெனவே சரக்கு குவிந்து கிடந்தது. அது தீர்ந்து லங்காஷயர் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தபோது, வியாபாரிகள் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் திரும்பிவிட்டார்கள். திருநெல்வேலிக் கரிசல் பஞ்சு தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறியது, விலை பல மடங்கு. 1865இல் போர் முடிந்ததும் விலை தொப்பென்று விழுந்தது. பம்பாயில் பல பெரிய வியாபாரிகள் திவால். தெற்கு விற்க முடிந்த நாளில் விற்கவில்லை, விற்க நினைத்த நாளில் அதன் துறைமுகத்தை வடக்குக் கப்பல்கள் அடைத்துவிட்டன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

குதிரைப்படை:
மிசிசிப்பி அறிக்கையைத் தேடிப் படித்தேன். சரி, மாநில உரிமை வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வடக்கை தேவதூதராக்க வேண்டாம். விடுதலைப் பிரகடனம் வடக்கோடு நின்ற கென்டக்கி போன்ற அடிமை மாநிலங்களைத் தொடவே இல்லை. நியூயார்க்கில் 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்த கலவரக்காரர்கள் கறுப்பினத்தவரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். 1864இல் வடக்குத் தளபதி ஷெர்மன் ஜார்ஜியா வழியாகப் போனபோது பின்னாலேயே ஆயிரக்கணக்கில் விடுதலையானவர்கள் நடந்து வந்தார்கள். டிசம்பரில் எபனேசர் ஓடையில் படை கடந்ததும் மிதவைப் பாலத்தை எடுத்துவிட்டார்கள். தெற்குக் குதிரைப்படை பின்னால் வருகிறது என்ற பயத்தில் தண்ணீரில் குதித்து எத்தனையோ பேர் மூழ்கிப்போனார்கள். உத்தரவிட்ட வடக்குத் தளபதி பெயர் ஜெபர்சன் டேவிஸ். தெற்கின் அதிபர் பெயரும் அதேதான், விதியின் கிண்டல்.

வாசகி72:
தேவதூதர் என்று நான் எங்கே சொன்னேன்? கறுப்பின வீரருக்கு மாதம் 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். வெள்ளையருக்கு 13, உடுப்புக்குத் தனி. வாக்னர் கோட்டையில் ரத்தம் சிந்திய கறுப்பினத்தவரின் 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு அந்தக் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்து, மாதக்கணக்கில் சம்பளமே இல்லாமல் போரிட்டது. வடக்கு நல்லது என்பதல்ல என் வாதம். கிட்டத்தட்ட 1,80,000 கறுப்பினத்தவர் அந்தப் படையில் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் தெற்கில் அடிமைகளாக இருந்தவர்கள். "எண்ணிக்கை தோற்கடித்தது" என்கிறீர்களே, அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

ராபர்ட் ஸ்மால்ஸ் தெரியுமா? சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்ற ராணுவக் கப்பலை ஓட்டிய அடிமை. 1862 மே 13 விடிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்தார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, சம்டர் கோட்டை முன்னால் சரியான சங்கேத ஊதல் ஊதிக் கடந்தார். பீரங்கிக்கு எட்டாத தூரம் போனதும் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றினார். கப்பலில் இருந்த பீரங்கிகளும் துறைமுகத்தின் ரகசியங்களும் வடக்குக்கு. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

ஆற்றுமணல்:
இதை நான் என் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். விக்ஸ்பர்க் பற்றி அவ்வளவு எழுதினேனே, கிராண்ட் தன் படையை ஆற்றைத் தாண்டி இறக்குவதற்கு இடம் சொன்னதே உள்ளூர் அடிமை ஒருவர்தான். கையில் இருந்த தகவலை எழுதாமல் விட்டுவிட்டேன்.

குதிரைப்படை:
சரி. 1865 தொடக்கத்தில் அடிமைகளைப் படையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்களில் லீயும் ஒருவர் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் சட்டம் வந்தது, தெற்கின் தலைநகர் ரிச்மண்டின் தெருவில் சிலர் அணிவகுத்தார்கள், ஏப்ரல் 3ஆம் தேதி ஊரே விழுந்துவிட்டது. உள்ளே முதலில் நுழைந்த வடக்குப் படைகளில் கறுப்பினக் குதிரைப்படையும் இருந்தது. என் புனைபெயருக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

ஆனால் சான்சலர்ஸ்வில்லை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

ஆற்றுமணல்:
விட்டுத்தர வேண்டாம். லீயின் 60,000 பேரில் 13,000 பேர் செத்தும் காயப்பட்டும் சிறைப்பட்டும் போனது, ஜாக்சனை இருட்டில் அவர் ஆட்களே சுட்டது, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், போதும்.