'சூஷென்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

பதின்வயது வாசகர்களுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் ஷாங்காய், காலம் 1966 முதல் 1968 வரை. நாயகிக்கு 12 வயது. அவளுடைய தாத்தா, கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த 1949க்கு முன் நிலக்கிழார். ஏழாம் அத்தியாயத்தில், ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாகச் சிக்கிக் கிடக்கிறேன்.

அந்தச் சீனச் சொல் 'சூஷென்'. குடும்பம் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தது என்பதற்கான முத்திரை. 1950இன் நிலச்சீர்திருத்தத்தில் குத்தப்பட்டது, நிலம் பறிபோன பிறகும் தந்தை வழியாகப் பிள்ளைகள்மீது இறங்கியது. 1966இல் மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சியில் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை, எதிரிகள் என்று ஒதுக்கப்பட்ட 'கறுப்பு ஐந்து' வகையில் சேர்ந்துவிடுவாள். அப்பன் வீரன் என்றால் மகனும் வீரன், அப்பன் எதிரி என்றால் மகன் உதவாக்கரை என்று செங்காவலர்கள், அதாவது மாவோவின் மாணவர் படையினர், முழங்கிய காலம் அது.

'வர்க்கப் பின்னணி' என்று எழுதினேன், கட்சித் துண்டறிக்கை வாடை அடித்தது. 'பூர்வீகம்' சொந்த ஊர் ஆகிவிடுகிறது, அதுவும் இனிப்பாக. 'குலம்' என்றதும் படித்துப் பார்த்த மாணவி, "சீனாவிலும் சாதி உண்டா?" என்று கேட்டாள். (கேள்வி தப்பில்லை, ஆனால் கதை அங்கே போகக் கூடாது.) ஒலிபெயர்த்து அடிக்குறிப்புப் போட்டால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பள்ளிப் படிவத்திலும், வகுப்புத் தோழியின் ஏச்சிலும், அம்மாவின் கிசுகிசுப்பிலும் அதே சொல்தான் வர வேண்டும்.

சாதியை நினைவூட்டாமல், 13 வயதுப் பிள்ளைக்கு விளக்கமின்றிப் புரியும்படி என்ன சொல்லைப் போடுவீர்கள்?