கூவம்: கரையைக் காலி செய்தால் ஆறு வந்துவிடுமா?

எழும்பூர்வாசி:
சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தைத் தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறேன். கூவம் சீரமைப்புக்கு 2015-இல் 600 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். தண்ணீர் இன்னும் தார் மாதிரிதான் இருக்கிறது. கரையோரக் குடிசைகளை ஒன்று விடாமல் எடுக்காதவரை எத்தனை கோடி போட்டாலும் வேலைக்காகாது. மறுப்பவர்கள் வரலாம்.

மணல்திட்டு:
வந்தேன். குடிசையில் இருப்பவர் லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் புழங்குகிறார். பத்துக் குடத்தை ஊற்றியா ஓர் ஆறு கறுக்கும்? காலை ஏழு மணிக்குப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். மழைநீர் வடிகால் குழாய், மழையே இல்லாத நாளிலும், சோப்பு நுரை தள்ளிக்கொண்டு கொட்டும். அது ஷாம்பு போட்டுக் குளிக்கிற மாடிவீட்டுத் தண்ணீர். எட்டரைக்கு மேல் நுரை அடங்கிவிடும், எல்லாரும் ஆபீஸ் போயிருப்பார்கள்.

எழும்பூர்வாசி:
நாற்றத்தை விடுங்கள், உயிர்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தபோது அடையாற்றங்கரை என்ன ஆனது? கூவத்தில் அப்படி வந்தால் யார் பொறுப்பு?

பெரும்பாக்கத்துப்பையன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்களும் கூவக்கரைதான். வெள்ள ஆபத்து என்று சொல்லித்தான் நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். இங்கே பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பெருமழை பெய்தால் தரைத்தள வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்காருகிறார்கள். அம்மா மூன்று வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறிப் போய்வந்து கட்டுப்படியாகாமல் ஒரு வீட்டோடு நிறுத்திவிட்டார். ஆற்றை விட்டு வந்தோம் சார், வெள்ளம் கூடவே வந்துவிட்டது.

மணல்திட்டு:
தம்பி சொன்னதற்கு மேல் அந்த விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றுக்கு வருகிறேன். கொசஸ்தலையாற்றிலிருந்து கூவம் பிரிகிற இடம் கேசவரம் அணைக்கட்டு. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டிய பிறகு, நகரத்தின் குடிநீருக்காகத் தண்ணீர் பூண்டிப் பக்கமே போகிறது. அதாவது நல்ல தண்ணீர் நம் வீட்டுக் குழாய்க்கு, கெட்ட தண்ணீர் கூவத்துக்கு. ஆனால் நகரத்துக்கு வெகு மேலே, சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் கோயில் இருக்கிற கூவம் கிராமத்தில் போய் நின்றால், இந்தக் கறுப்பு ஆறுதானா அது என்று சந்தேகம் வரும்.

மறுமுனையில் கடல். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகச் சுவர் எழும்பியதும் அது தெற்கே தேங்கியது. நாம் சுண்டல் தின்றுகொண்டு நடக்கிற மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான், நேப்பியர் பாலத்தருகே கூவத்தின் வாயை அடைப்பதும் அதே மணல்தான். பொக்லைன் வைத்து வெட்டுவார்கள், கடல் திரும்ப மூடும். கடலின் அன்றாட ஏற்ற இறக்கமும் இங்கே சுமார் ஒரு மீட்டர்தான், அதை வைத்து ஆறு கழுவப்படாது.

எழும்பூர்வாசி:
சரி, பூண்டியை மூடிவிட்டுக் கூவத்துக்குத் தண்ணீர் விடலாமா? 2019-இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்துவிட்டீர்களா?

மணல்திட்டு:
நல்ல அடி. பூண்டியில் கைவைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோயம்பேட்டில் கழிவுநீரை நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதுபோல இன்னொரு பங்கைச் சுத்தம் செய்து ஆற்றில் விட்டால் கொஞ்சமாவது ஓட்டம் இருக்கும். கழிவுநீர் கொட்டும் அந்த வடிகால் குழாய்களை அடைக்காமல் அதைச் செய்தாலும் வீண்தான்.

பறக்கும்ரயில்:
கூவத்துக்குள் ஊன்றுகிற துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலத் தூண்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஆற்றோட்டத்தைத் தடுக்கிறது என்று 2012-இல் நிறுத்திய வேலை, இப்போது ஈரடுக்காகத் திரும்பி வந்திருக்கிறது. தென்னங்கீற்று வைத்தால் ஆக்கிரமிப்பு, கான்கிரீட் ஊன்றினால் திட்டம். பக்கிங்காம் கால்வாய்க்குள் ரயில் தூண் நட்டபோதே பழகிவிட்டோம் போல.

எழும்பூர்வாசி:
கரையில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு, தம்பி. மணல்திட்டு, நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன். அந்த நுரைக் குழாய் பாலத்துக்கு எந்தப் பக்கம்?

மணல்திட்டு:
இடது பக்கம். ஆறே முக்காலுக்கே வாருங்கள், முதல் மாடிக்காரர் குளிக்க ஆரம்பித்திருப்பார்.