அஹ்திசாரி செய்துவைத்த சமாதானத்தை நேரில் கண்டவர்கள் சொல்லுங்கள்

எனக்கு ஊர் மட்டக்களப்பு. சுனாமி வீடமைப்பு வேலைக்காக ஒரு தொண்டு நிறுவனத்தோடு 2007இல் இந்தோனேசியாவின் ஆச்சேக்குப் போயிருந்தேன். எங்கட மேசன்மாரில் ஒருவர், தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய சுதந்திர ஆச்சே இயக்கத்தில் இருந்தவர். ஆமி வாகனம் ரோட்டால் போனபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, கல் அடுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் கை நின்றுபோனது.

அந்த அமைதிக்குப் பின்னால் நின்றவர் பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி. 1976 தொடங்கி ஏறக்குறைய 15,000 பேரைத் தின்ற சண்டையை, 2005 ஜனவரி முதல் ஜூலை வரை ஹெல்சிங்கிக்கு அருகே ஐந்து சுற்றுப் பேச்சில் முடித்துவைத்தார். எல்லாவற்றுக்கும் உடன்படும்வரை எதற்கும் உடன்பட்டதாகக் கணக்கில்லை என்பது அவர் வைத்த விதி. இயக்கம் தனிநாட்டைக் கைவிட்டது. ஆச்சே மக்கள் தங்களுக்கென்று கட்சி தொடங்க ஜகார்த்தா வழிவிட்டது. ஒப்பந்தத்தை வாசித்தால் கணக்குகள்தான் கண்ணில் படும்: 3,000 போராளிகள் கலைய வேண்டும், 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், அந்த மண்ணின் இயற்கை வள வருமானத்தில் 70 வீதம் ஆச்சேக்கு. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் அனுப்பிய கண்காணிப்பாளர்கள் ஆயுதங்களை எண்ணி வாங்கினார்கள். அந்த வருட முடிவுக்குள் அது முடிந்தது.

ஒரே அலைதான் இரண்டு கரையையும் அடித்தது. எங்களிடம், சுனாமி உதவியை அரசும் புலிகளும் சேர்ந்து பங்கிடுவதற்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூனில் கையெழுத்தாகி, ஜூலையில் உயர் நீதிமன்றத் தடையில் நின்றது. ஆகஸ்ட் 15இல் அவர்கள் ஹெல்சிங்கியில் கையெழுத்திட்டார்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எல்லாம் ஒரு மனிதரால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஜனாதிபதி யுதயோனோவும் துணை ஜனாதிபதி யூசுப் கல்லாவும் முடிக்க விரும்பினார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன உண்மை ஆணைக்குழுவுக்கு 2016 வரை ஆணையாளர்களே நியமிக்கப்படவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அத்தனை காலம் காத்திருந்தன.

*

அண்ணே, நான் திருநெல்வேலிக்காரன், நமீபியாவில் விண்ட்ஹூக்கில் கணக்கு வாத்தியார். இந்த நாடு அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. 1989இல் ஐ.நா. சார்பில் வந்து இங்கே விடுதலைக்கான தேர்தலை நடத்தியவர் அவர். படைத் தளபதி நம்ம இந்தியாவின் பிரேம் சந்த். ஆனால் வடக்கிலிருந்து வந்த என் சக ஆசிரியர் அந்த ஏப்ரல் 1ஐத்தான் முதலில் சொல்வார். அங்கோலாவிலிருந்து, நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போவின் போராளிகள் எல்லை தாண்டி வந்தார்கள். ஐ.நா. படையில் பெரும்பகுதி இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை இந்த நாட்டை ஆண்ட தென்னாப்பிரிக்காவின் படை, அவர்களை எதிர்க்க முகாமை விட்டு வெளியேற அஹ்திசாரி சம்மதித்தார். சில நாட்களில் சுமார் 300 போராளிகள் செத்தார்கள். ஆசிரியரின் தாய்மாமா அதில் ஒருவர்.

அதே ஆசிரியர், நவம்பரில் ஓட்டுப் போட வரிசையில் நின்றதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். 95 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 1990 மார்ச் 21இல் விடுதலை. முதல் நாளே குலைந்த ஏற்பாட்டைப் போட்டுவிட்டுப் போகாமல் ஒரு வருஷம் உட்கார்ந்து முடித்தாரே, அதற்காகத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை.

*

ஹெல்சிங்கியிலிருந்து எழுதுகிறேன். 2023 நவம்பர் 10, அவருடைய அரசு மரியாதை இறுதிச் சடங்கு அன்று நானும் தெருவோரம் நின்றேன். பக்கத்தில் நின்ற பாட்டி, தானும் அவரைப் போலவே, போரில் சோவியத்திடம் பின்லாந்து இழந்த கரேலியாவிலிருந்து வந்த அகதி என்றார். அஹ்திசாரி பிறந்த வீபுரி இன்று ரஷ்யாவில் இருக்கிறது. போர் வந்தபோது அவருக்கு 2 வயது. 1994இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் ஜனாதிபதி, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 2000இல் மறுபடி நிற்கவில்லை. அதே வருடம் அவர் தொடங்கிய அமைப்புதான் அண்ணே, உங்கள் ஆச்சே பேச்சை நடத்தியது.