மழைக்காலத்தில் சேற்றுக்காலோடு வரும் நாய்: உங்க வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீங்க?

முடிச்சூரிலிருந்து

எங்க பிரவுனி தெருவில் பிறந்தவன். 2023 டிசம்பர் புயல் மழையில் எங்க மாடிப்படியில் வந்து ஒதுங்கின குட்டி, அப்படியே தங்கிட்டான். உடம்பெல்லாம் பழுப்பு, நாலு பாதமும் வெள்ளை. எங்க தெருவுக்கு இன்னும் தார் போடலை. நாலு தூறல் விழுந்தாலே காலி மனையெல்லாம் குளம்தான். ஆனாலும் அவனைக் காலையிலும் சாயங்காலமும் வெளியே கூட்டிப்போய்த்தான் ஆகணும். வீட்டுக்குள்ள ஒருநாளும் அசிங்கம் பண்ண மாட்டான்.

போன வருஷ மழையில் நான் பண்ணின தப்பை முதலில் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். ஒவ்வொரு தடவை வெளியே போய் வந்ததும் குளியலறைக்குக் கூட்டிப்போய் ஷாம்பூ போட்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் குளிப்பாட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு குளியல், பத்து நாள். ஷாம்பூவும் நாங்க தலைக்குப் போடுறதுதான். அதுக்கப்புறம் வலது முன்னங்காலை நக்க ஆரம்பிச்சான். ராத்திரி விளக்கணைச்ச பிறகும் அந்தச் சத்தம் நிக்கலை. வெள்ளைப் பாதம் துருப்பிடிச்ச மாதிரி செம்பழுப்பா மாறிடுச்சு. கிட்டப் போனா புளிச்ச மாவு வாசனை.

டாக்டர் அந்தக் காலைத் தூக்கி விரல்களை விரிச்சுக் காட்டினப்போ எனக்கு அழுகை வந்திடுச்சு. நடுவிரல் இரண்டுக்கும் இடையில் தோல் செக்கச்செவேல்னு இருந்துச்சு, ஓரத்தில் மெழுகு மாதிரி பிசுக்கு. மேல் ரோமம் காஞ்சிருந்தது, உள்ளே காயவே இல்லை. "சேறு பண்ணின வேலை இல்லம்மா, ஈரம் பண்ணின வேலை"ன்னார். நாய்த்தோல் நம்ம தோலைவிட மெல்லிசாம். நம்ம ஷாம்பூ அதோட எண்ணெய்ப்பசையை எடுத்திடும், அதுக்கு மேல ஈரமும் தங்கினா பூஞ்சை பிடிச்சுக்கும்னு விளக்கினார். மருந்து போட்டு ஆற மூணு வாரம் ஆச்சு.

இந்த வருஷம் குளியலே கிடையாது, கால் மட்டும்தான். வாசலில் கோணிச்சாக்கை மடிச்சுப் போட்டு, பக்கத்தில் ஒரு டப்பில் வெதுவெதுன்னு தண்ணி. ஒவ்வொரு காலா முக்கி, விரல் இடுக்கில் என் விரலை விட்டு அலசுறேன். அப்புறம் துணி. வீட்டுக்காரரோட பழைய வேட்டியைக் கிழிச்சு வச்சிருக்கேன். டவல் தடிமனா இருக்கிறதால இடுக்குக்குள்ள போகாது, வேட்டித்துணி போகும். தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுக்கணும். பாதத்துக்கு அடியில் நீளமா வளர்ற முடியை மொட்டைமுனைக் கத்திரியால வெட்டிவிட்டுட்டேன், சேறு பாதிதான் ஒட்டுது.

வயித்திலும் தொடையிலும் தெறிச்ச சேத்தை நான் தொடறதே இல்லை. ஃபேன் காத்தில் படுக்க வச்சா அதுவே காஞ்சு பொடியாகிடும், பிரஷ் போட்டா உதிர்ந்திடும். ஈரத்தோட தேய்ச்சாத்தான் தோல் வரைக்கும் இறங்குது. (இது குட்டை முடி நாய்க்கு. சடை நாய் வச்சிருக்கிறவங்க உங்க வழியைச் சொல்லுங்க.)

இன்னொண்ணு. தரையில் விழுற சேத்துத் தடத்தை எங்க அத்தை பினாயில் ஊத்தித்தான் துடைப்பாங்க. அந்த ஈரத்தில் நடந்துட்டு அவன் காலை நக்குவான், அது வயித்துக்குள்ள போகும். அத்தைகிட்ட சொன்னேன், புரிஞ்சுக்கிட்டாங்க. இப்போ தரை நல்லாக் காயுற வரைக்கும் அவனைச் சாக்கிலேயே உட்கார வச்சிடறோம்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து

அக்கா, உங்க ஊர்ச் சேறு தண்ணியில் கரையுது. எங்க கரிசல் அப்படி இல்லை. மழை பேஞ்சா நாங்களே செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டுத்தான் காட்டுக்குள்ள நடப்போம். ஒவ்வொரு அடிக்கும் மண் அப்பி, கால் ரெண்டு மடங்கு கனத்துப் போயிரும். நம்ம நாய் கன்னிங்கிற நாட்டு இனம், காட்டுக்குக் காவல். ஐப்பசியில் உளுந்து வெதச்சிட்டு வந்த அன்னைக்கு அது மூணு காலில் நொண்டிக்கிட்டு வந்துச்சு. முள்ளுதான்னு நெனச்சுப் பாத்தா, நாலு விரலுக்கும் நடுவுல மண்ணு உருண்டையா இறுகி, கோலிக்குண்டு கணக்கா கெடக்கு. கரிசல் ஈரத்தில் உப்பும், காஞ்சா சுருங்கி இறுகும். நிலத்தையே பிளக்கிற மண்ணு, நாய்க்காலை விடுமா? அந்த உருண்டை சுருங்குறப்போ ரோமத்தையும் தோலையும் சேத்து இழுத்துப் பிடிச்சிருக்கு.

நான் வெவரம் தெரியாம விரலால பிச்சு எடுத்தேன். ரோமத்தோட வந்திருச்சு, ரத்தம் கசிஞ்சுச்சு. அது ஒரு சத்தம் போட்டுச்சு, இன்னும் காதுக்குள்ள இருக்கு. எங்க அய்யாதான் என்னைத் தள்ளிவிட்டுட்டு, வாளித் தண்ணிக்குள்ள காலை வச்சுப் பிடிச்சுக்கிட்டார். கால் மணி நேரம் ஊறினதும் உருண்டை தானா நழுவிருச்சு. அதனால கரிசல் ஊர்க்காரங்க காய விடாதீங்க. அக்கா சொன்ன 'காஞ்சு உதிரட்டும்' உடம்புக்குச் சரி, விரல் இடுக்குக்கு ஆகாது. இப்போ காட்டுக்குக் கெளம்பும் முன்னாடி இடுக்கில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிவிடறேன். மண்ணு அம்புட்டாப் பிடிக்கிறதில்ல, நக்கினாலும் கெடுதல் இல்லை.

வால்பாறையிலிருந்து

எங்களுக்கு மழை ஜூன்லயே ஆரம்பம். இங்கே சேத்தைவிட அட்டைதான் பிரச்சினை. தேயிலைக்காட்டு ஓரமா நடந்துட்டு வந்தா லாப்ரடாரின் விரல் இடுக்கில் இரண்டு மூணாவது இருக்கும். சேறு மூடியிருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது, கழுவினாத்தான் தெரியும். உப்புப் போடாதீங்க. கடிவாயில் பட்டா எரியும், அட்டை குடிச்சதைக் கக்கினா புண்ணும் கெடும். நகத்தை ஓரமா விட்டு, வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பினா விட்டுடும். அப்புறமும் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், உறையவிடாத ஒண்ணை அட்டை உள்ளே செலுத்தியிருக்கும். பயப்படாம சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சாப் போதும்.

தொங்கு காது நாய்க்குக் காதையும் தூக்கிப் பார்த்து உள்மடலைத் துடைச்சுவிடுங்க. எங்க நாய்க்கு ஒவ்வொரு மழைக்கும் காதில் சீழ் வந்துக்கிட்டிருந்தது, இப்படித் துடைக்க ஆரம்பிச்சப்புறம்தான் நின்னுச்சு.

மறுபடியும் முடிச்சூர்

தம்பி, கரிசல் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நல்லவேளை சொன்னீங்க.

எழுத விட்டுப்போனது ஒண்ணு இருக்கு, அதுதான் ரொம்ப முக்கியம். எங்க பக்கத்துத் தெருவில் ஒரு நாய் வெள்ளத் தண்ணியில் அலைஞ்சுட்டு வந்து, சாப்பிடாம, வாந்தி எடுத்து, கண் மஞ்சளாகி ஒரு வாரத்தில் போயிடுச்சு. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணியில் இருந்து சின்னச் சிராய்ப்பு வழியாக்கூட உள்ளே போயிடும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மனுஷங்களுக்கும் வரும். அதனால கையில் வெட்டு இருந்தா நான் கையுறை போட்டுத்தான் கால் கழுவறேன். தடுப்பூசி இருக்கு. முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருஷா வருஷம் ஒண்ணு. மழை வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, தயவுசெஞ்சு. சேத்துக்குட்டையில் வாய் வச்சுத் தண்ணி குடிக்க விடாதீங்க.

நேத்து ராத்திரி பூரா மழை. வேட்டித்துணி ஒண்ணுகூடக் காயலை, இஸ்திரிப்பெட்டி வச்சுக் காய வச்சேன். காலையில் பிரவுனி காலை விரிச்சுப் பார்த்தேன். இடுக்கெல்லாம் வெளிர் ரோஸ் நிறம்தான், சிவப்பு இல்லை.