பின்னி மில்காரர்களின் கதையைப் பதிவு செய்ய யோசனை வேண்டும்

தமிழ்வாத்தியார்:
வணக்கம். அரசுப் பள்ளி ஆசிரியர், கொஞ்சம் சிறுகதையும் எழுதுவேன். சென்னை பெரம்பூரில் இருந்த பின்னி துணி மில் 1996-ல் மூடியபோது வேலை போனவர்களைப் பார்த்துப் பேசி, பதிவு செய்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நாற்பது வயசு என்றால் இப்போது எழுபது, இனியும் தள்ளிப்போட முடியாது. சிக்கல் என்னவென்றால், போனில் ரெக்கார்டரைப் போட்டதும் மேடைப்பேச்சு வந்துவிடுகிறது. 1918, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய மில் தொழிலாளர் சங்கம், நாட்டிலேயே முதல் சங்கம் என்று போகிறது. அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே. மில் நின்ற பிறகு வீடு எப்படி ஓடியது என்று கேட்டால் மட்டும் "ஏதோ ஓடுச்சு சார்". எப்படித்தான் கேட்பது?

ஓட்டேரி சேகர்:
சார், அப்பா வீவிங்கில் இருந்தவர். முதலில் தறியைப் பற்றிக் கேளுங்கள். எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஷிப்ட், நூல் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தால் கை தானாக முடிச்சுப் போடத் தொடங்கும், பேச்சும் கூடவே வரும். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் நிறைய, உரக்கப் பேசுங்கள். அப்புறம், டீக்கடையில் நாலு பேர் நடுவில் வேண்டாம். நிரந்தர வேலையில் இருந்தவர் வாட்ச்மேனாகப் போனதை பழைய கூட்டாளி முன்னால் சொல்வாரா?

மல்லிகா_வியாசர்பாடி:
ஆம்பளைங்களையே கேட்டுக்கொண்டிருந்தால் "ஏதோ ஓடுச்சு" என்றுதான் வரும், ஓட்டியது வேறு ஆள். அந்த வீட்டம்மாவைக் கேளுங்கள். எந்த நகை முதலில் அடகுக்குப் போனது, மீட்டார்களா மூழ்கிப் போனதா, யார் வீட்டு வேலைக்குப் போனார்கள், எந்தப் பிள்ளை படிப்பை விட்டது, மளிகைக் கடைக்காரர் எத்தனை மாதம் கடன் கொடுத்தார். வருஷம் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. "பெரிய பொண்ணு அப்போ எத்தனாவது படிச்சா?" என்று கேட்டால் தேதி தானாக வரும்.

பழையகாகிதம்:
மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் வாத்தியாரே, சங்கக் கதை புத்தகத்தில் இருக்கிறது என்று தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே மில்லில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம்கூட ஆகாமல் முடிந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி அதில் சேரவில்லை, அவர்கள் வாழ்ந்த புளியந்தோப்பில் கலவரமாகி குடிசைகள் எரிந்தன. அதே சம்பவத்தைச் சங்கக் குடும்பத்தில் ஒரு மாதிரியும் புளியந்தோப்பு வீட்டில் வேறு மாதிரியும் சொல்வார்கள். பாட்டன் சொன்ன கதையாக இரண்டையும் பதிவு செய்யுங்கள், மேடைப்பேச்சில் வராதது அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, ரெக்கார்டிங்கைச் சிறுகதையாக மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேசியவர் கேட்டால் எந்தப் பகுதியையும் எடுத்துவிட வேண்டும்.

தமிழ்வாத்தியார்:
மல்லிகா அம்மா, நான் போகும்போதெல்லாம் வீட்டம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார், அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது எப்படி?

மல்லிகா_வியாசர்பாடி:
வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் பேசட்டும், நீங்கள் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள்.